நூறு வருடக் கோயிலை உடைப்பதா, திருத்துவதா? திருத்துவதற்கு யார் காசு தருவார்கள்?

கல்முனைப் பக்கத்து வாசகரின் கேள்வி, 2025 மார்ச் 2

எங்கள் ஊர் மெதடிஸ்த ஆலயத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது. மாரி வந்தால் பிரசங்க பீடத்துக்கு மேலேயே ஒழுகுகிறது. சுவர் உப்புப் பூத்து உதிர்கிறது. கனடாவில் இருக்கிற ஊர்ப் பிள்ளைகள் "உடைத்துப்போட்டுப் புதிதாகக் கட்டுங்கள், காசு நாங்கள் அனுப்புகிறோம்" என்கிறார்கள். மூத்தவர்கள் உடைக்க விடமாட்டோம் என்று நிற்கிறார்கள். இங்கிலாந்தில் பழைய தேவாலயம் திருத்த அரசாங்கமே காசு கொடுக்கிறதாமே, அப்படி எங்களுக்கு ஏதாவது இருக்கிறதா? "கட்டுவதற்குத்தான் காசு வரும், திருத்துவதற்கு ஒருத்தரும் தரமாட்டார்கள்" என்று எங்கள் பொருளாளர் சொல்கிறார். விஷயம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

மார்ச் 3

உடைக்காதீர்கள் தம்பி. முதலில் ஒழுக்கை நிறுத்துங்கள், ஒரு மாரி கழியட்டும். அதற்குப் பிறகும் உடைக்கத்தான் வேண்டும் என்றால் அப்போது யோசிக்கலாம்.

பொருளாளர் சொல்வதை நான் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். அவர் மேல் குற்றம் இல்லை, அவர் கண்டது அதுதான். ஆனால் ஏன் அப்படி நடக்கிறது என்று பாருங்கள். புதிதாகக் கட்டக் காசு தருகிறவர் கேட்பது ஒரு படம், ஒரு மொத்தத் தொகை. திருத்தக் காசு தருகிறவர் கேட்பது வேறு. எங்கே பழுது, எதனால் பழுது, அதைச் சொன்னது யார், திருத்தினால் எத்தனை வருடம் தாங்கும், பிறகு யார் பராமரிப்பது? இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வைத்திருக்கிற ஆலயம் எங்கள் பக்கத்தில் மிகக் குறைவு.

வரைபடம் கீறுவது என் தொழில். "புதுக் கோயிலுக்கு ஒரு பிளான் கீறித் தாங்க" என்று எத்தனையோ சபைக்காரர் வந்திருக்கிறார்கள். இருக்கிற கோயிலை அளந்து கீறித் தாருங்கள் என்று ஒருவரும் வந்ததில்லை. திருத்தக் காசு கிடைக்காததற்கு முதல் காரணம் இதுதான் என்று நான் நம்புகிறேன். மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

மார்ச் 5

இங்கிலாந்துக் கதை. அரசாங்கம் அள்ளிக் கொடுக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

இங்கிலாந்துத் திருச்சபைக்கு ஏறத்தாழ 16,000 ஆலயங்கள் இருக்கின்றன. அவற்றில் 12,000க்கு மேற்பட்டவை சட்டப்படி பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள். அரசாங்கம் நேரடியாகச் செய்து வந்த பெரிய உதவி, திருத்த வேலைக்குக் கட்டிய பெறுமதி சேர் வரியைத் திருப்பிக் கொடுத்தது. வரி 20 சதவீதம், திட்டம் 2001இல் தொடங்கியது. இது வேலை முடித்து, பில் கட்டி, அதற்குப் பிறகு வந்த காசு. அதையும் 2025 ஏப்ரலிலிருந்து ஓர் ஆலயத்துக்கு வருடம் 25,000 பவுண் என்று மட்டுப்படுத்த முடிவெடுத்தார்கள். அந்த வருடம் முழு நாட்டுக்கும் 23 மில்லியன் பவுண்தான். பெரிய கோபுரத்தில் வேலை தொடங்கியிருந்த சபைகள் அப்போது கையைப் பிசைந்துகொண்டு நின்றன.

மற்றதெல்லாம் லொத்தர் காசிலிருந்து வருகிற மரபுரிமை நிதி, தேசிய தேவாலய அறக்கட்டளை, மாவட்ட அறக்கட்டளைகள். செப்டெம்பர் மாதத்தில் ஒரு நாள் சனம் ஆலயத்துக்கு ஆலயம் சைக்கிளிலும் நடையிலும் போய் ஆதரவாளர்களிடம் காசு சேர்ப்பார்கள். பெரும் பங்கை அந்தச் சபைச் சனமே தேனீர் வைத்து, கேக் விற்று, கை நீட்டித்தான் சேர்க்கிறது. இவை ஒன்றும் கடல் தாண்டி எங்களுக்கு வராது, அது வேறு விஷயம்.

ஆனால் அங்கிருந்து எடுக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. 1955இல் அவர்கள் ஒரு விதி போட்டார்கள். ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை தகுதியுள்ள கட்டடக் கலைஞர் ஒருவர் ஒவ்வோர் ஆலயத்தையும் மேலிருந்து கீழாகப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். எது உடனே செய்ய வேண்டியது, எது ஒரு வருடம் பொறுக்கும், எது ஐந்து வருடம் பொறுக்கும் என்று பிரித்து எழுதுவார்கள். நிதி கேட்கிற போது அந்த அறிக்கையைத்தான் முன்னால் வைப்பார்கள். எங்களிடம் இல்லாதது அந்த அறிக்கைதான். அது செய்ய லட்சக் கணக்கில் செலவில்லை.

மார்ச் 5, படுக்கப் போகும் முன்

விட்டுப்போனது. அமெரிக்காவில் 2016இல் தொடங்கிய புனித இடங்களுக்கான தேசிய நிதி ஒன்று இருக்கிறது. அதுவும் அந்த நாட்டு ஆலயங்களுக்குத்தான். அவர்கள் பழைய அழகை மட்டும் பார்ப்பதில்லை. அந்தக் கட்டடத்தை ஞாயிறு வழிபாட்டுக்கு வருகிறவர்கள் தவிர வேறு யார் பாவிக்கிறார்கள், ஏழைக்கு அங்கே சோறு போடுகிறார்களா, பிள்ளைகள் படிக்கிறார்களா என்று கேட்பார்கள். சபையும் தன் பங்குக்குக் காசு சேர்க்க வேண்டும்.

உங்கள் ஆலயத்தில் பாலர் பாடசாலை நடந்ததா? 2004 சுனாமி நேரம் சனம் தங்கியதா? இருந்தால் எழுதி வையுங்கள். எந்த நாட்டில் யாரிடம் கேட்டாலும் இது உதவும்.

மார்ச் 8

தமிழ்நாட்டில் அரசாங்கம் தேவாலயம் திருத்தக் காசு கொடுக்கிறதே என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மை. 2016-17இல் தொடங்கியது. ஆலயத்துக்குக் குறைந்தது 10 வயது இருக்க வேண்டும், வயது கூடக் கூடத் தொகை கூடும், வெளிநாட்டுக் காசு வாங்கியிருக்கக் கூடாது. பிறகு தொகையையும் கூட்டினார்கள். நல்ல திட்டம். எங்களுக்கு இல்லை.

மார்ச் 9

சரி, இலங்கையில் என்ன இருக்கிறது?

கொழும்பில் கிறிஸ்தவ மத அலுவல்கள் திணைக்களம் இருக்கிறது. ஆலயத் திருத்தத்துக்கு உதவித் தொகை கொடுப்பது அதன் வேலைகளில் ஒன்று. பெரிய தொகையை எதிர்பார்க்க வேண்டாம், ஒரு கூரை முழுவதற்கும் காணாது. ஆனாலும் வாங்குங்கள். அரசாங்கத் திணைக்களம் ஒன்று கடிதம் தந்து காசும் தந்தது என்றால் அடுத்தவரிடம் கேட்கும்போது அந்தக் கடிதத்துக்குத் தனி மதிப்பு. உங்கள் பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தரிடம் போய் விண்ணப்பம் எப்போது எடுக்கிறார்கள் என்று கேளுங்கள்.

அடுத்தது பாராளுமன்ற உறுப்பினர்களின் பன்முகப்படுத்தப்பட்ட நிதி. எங்கள் பக்கத்தில் அதிகம் பேர் போவது இதற்குத்தான். இதில் ஒரு கரைச்சல் இருக்கிறது. காசு வருடத்துக்குள் முடிய வேண்டும். வருடக் கடைசியில் அவசர அவசரமாக வேலை நடக்கும். எங்களுக்கு வருடக் கடைசி என்றால் மாரி. நவம்பரில் ஓட்டைக் கழற்றிப்போட்டுத் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டு நிற்கிற கோலத்தை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் காசைக் கேட்டால் கூரைக்குக் கேட்காதீர்கள். மலசலகூடம், மதில், மின்சார வயர் இப்படி மழை பார்க்காத வேலைக்குக் கேளுங்கள்.

வெளியே பார்த்தால், கத்தோலிக்கருக்குத் துன்புறும் திருச்சபைகளுக்கு உதவும் நிறுவனம் 1947இலிருந்து இயங்குகிறது. சிற்றாலயம் திருத்தவும் கொடுப்பார்கள். ஆயரின் பரிந்துரை இல்லாமல் அங்கே ஒன்றும் நகராது. மெதடிஸ்தர்களான உங்களுக்குப் பிரித்தானிய மெதடிஸ்தத் திருச்சபையோடு பழைய உறவு இருக்கிறது. ஆனால் இங்குள்ள திருச்சபை 1964இலேயே சுயாதீனமாகிவிட்டது. எந்தக் கோரிக்கையும் உங்கள் சேகரக் குருவானவர் வழியாகக் கொழும்புத் தலைமையகம் போய்த்தான் வெளியே போகும். ஊர்க் குழு நேரே லண்டனுக்கு ஈமெயில் போட்டு ஆகப்போவது ஒன்றும் இல்லை.

இன்னொன்று, அமெரிக்கத் தூதுவர்களின் பண்பாட்டுப் பாதுகாப்பு நிதி. 2001இல் தொடங்கியது. அம்பாறை மாவட்டத்திலேயே ராஜகல பௌத்த மடாலயத்தில் அந்தக் காசில் வேலை நடந்தது. வழிபாட்டு இடங்களையும் பார்ப்பார்கள். வழிபாட்டுக்காக அல்ல, பண்பாட்டுப் பெறுமதிக்காக மட்டும். "எங்கள் சபை வளர வேண்டும்" என்று எழுதினால் அந்த இடத்திலேயே கிழித்துவிடுவார்கள். இந்த வருடம் அது திறந்திருக்கிறதா என்று தூதரகத்தில் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

மார்ச் 9, திரும்பவும்

முக்கியமானதை விட்டுவிட்டு விலாவாரியாக எழுதிக்கொண்டு போயிருக்கிறேன். காணி யார் பேரில்?

கத்தோலிக்க ஆலயம் என்றால் சட்டப்படி ஆயர்தான் உரிமையாளர். மெதடிஸ்தம் என்றால் திருச்சபையின் தர்மகர்த்தாக்கள். ஊர்க் குழு எத்தனை தலைமுறை வியர்வை சிந்தியிருந்தாலும் கையெழுத்துப் போட உரிமை இல்லை. நன்கொடை நிறுவனம் முதலில் கேட்பது காணி உறுதியின் பிரதி. எங்கள் கரையோரத்தில் 1978 சூறாவளியிலும் சுனாமியிலும் பிறகு இடம்பெயர்விலும் எத்தனையோ உறுதிகள் போய்விட்டன. இல்லை என்றால் காணிப் பதிவகத்தில் தேடி எடுங்கள். காசு கேட்கப் போவதற்கு முதல் வேலை அதுதான். இதைக் கடைசிக்கு விட்டால் கூரை, சுவர், மதிப்பீடு எல்லாம் கையில் இருந்தும் ஒரு துண்டுக் கடதாசிக்காக வருடம் போய்விடும்.

மார்ச் 14

தொல்லியல் திணைக்களம் பற்றி நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். "அவர்களுக்குத் தெரிந்தால் கோயிலை எடுத்துக்கொள்வார்கள், வாயைத் திறக்காதீர்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்லியல் இடங்களுக்கென்று ஒரு ஜனாதிபதிச் செயலணி அமைத்தார்கள். தொடக்கத்தில் அதில் தமிழரோ முஸ்லிமோ ஒருவரும் இல்லை. இந்த மாகாணத்தில் இருந்துகொண்டு அதை மறக்கச் சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தில் ஒரு கோடு இருக்கிறது. 1815 மார்ச் 2க்கு முற்பட்ட கட்டடம் தானாகவே பழமையான நினைவுச் சின்னம். பிற்பட்டது என்றால் அரசாங்க வர்த்தமானியில் அறிவித்தால்தான். இப்போது எங்கள் சரித்திரத்தைப் பாருங்கள். மட்டக்களப்புக்கு வந்த முதல் வெஸ்லியன் (மெதடிஸ்த) மிசனரி வில்லியம் ஓல்ட் 1814இல் வந்தார், 1815 ஏப்ரலில் இங்கேயே காலமானார். மெதடிஸ்த மத்திய கல்லூரி அவர் தொடங்கிய பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. அவர் கண் மூடியதே அந்தக் கோட்டுக்கு அடுத்த மாதம். அப்படியென்றால் உங்கள் சபையின் கட்டடங்கள் எல்லாம் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான். வர்த்தமானியில் வராத வரைக்கும் ஓடு மாற்றத் திணைக்களத்தின் அனுமதி தேவையில்லை.

வர்த்தமானியில் வந்தாலும் உறுதி கைமாறாது, வழிபாடு நிற்காது. மாற்றம் செய்ய அனுமதி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் வர்த்தமானியில் பெயர் வந்ததற்காகக் காசும் தானாக வராது. பாதுகாப்பு வரும், பணம் வராது. எதற்காக அறிவிக்கக் கேட்கிறீர்கள் என்று சபை கூடித் தீர்மானிக்க வேண்டும். அவசரப்பட வேண்டாம்.

மார்ச் 15

இன்றைக்கு ஒரு பழைய சிற்றாலயத்துக்குப் போனேன். எந்த ஊர் என்று சொல்லவில்லை, அங்கே இப்போதே இழுபறி.

கொந்தராத்துக்காரர் "கூரை மரம் முழுக்க உக்கிப்போச்சு, எல்லாம் இறக்கி இரும்பு போட வேண்டும்" என்று பிஓகியூ, அதாவது வேலை அளவும் விலையும் போட்ட பட்டியல், கொடுத்திருக்கிறார். மர வேலை தெரிந்த ஓடாவியார் ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஏணி வைத்து ஏறினோம். கூரையைத் தாங்குகிற தீராந்தி எல்லாம் முதிரை மரம். நடுவில் சுத்தியலால் தட்டினால் மணி மாதிரிக் கேட்கிறது. அப்படியே சுவர்ப் பக்கம் வந்து, சுவருக்குள் போகிற முனையில் ஸ்க்ரூ டிரைவரால் குத்தினார். பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. இழுத்தபோது ஈரமான மரத்தூளும் கறையான் மண்ணும் சேர்ந்து வந்தது. அடுத்த தீராந்தியும் அப்படித்தான். எதிர்ப் பக்கத்துச் சுவரில் ஒன்றுகூடப் பழுதில்லை.

ஏன் ஒரு பக்கம் மட்டும்? வெளியே வந்து பார்த்தால் அந்தப் பக்கம் பீலி முழுக்க வேப்பஞ் சருகு. தண்ணீர் பீலியால் ஓட வழியில்லாமல் சுவருக்குள் இறங்கியிருக்கிறது. எத்தனை மாரி இறங்கியதோ.

முனையை வெட்டி, அதே மரத்தில் துண்டு ஒட்டி, ஆணி போட்டு இறுக்கினால் போதும் என்கிறார் ஓடாவியார். பீலியையும் மாற்ற வேண்டும். கொந்தராத்துக்காரர் சொன்ன தொகையில் பாதி வராது. நூறு வருடம் நின்ற முதிரையை விறகு விலைக்கு விற்றுவிட்டு இரும்புக்குக் காசு தேடி உலகம் முழுக்கக் கடிதம் எழுத இருந்தார்கள்!

நிதி கேட்கிற விண்ணப்பத்தில் எழுத வேண்டியது இதைத்தான். "கூரை பழுது" என்று எழுதாதீர்கள். மேற்குச் சுவரில் இத்தனை தீராந்தி முனை உக்கியிருக்கிறது, காரணம் பீலி அடைப்பு, படம் இணைப்பு என்று எழுதுங்கள். படம் எடுக்கும்போது பக்கத்தில் அடிமட்டம் ஒன்றை வையுங்கள். வாசிக்கிறவர் கொழும்பிலோ ஜெர்மனியிலோ இருந்தாலும் ஏணியில் ஏறிப் பார்த்த மாதிரி விளங்கும்.

மார்ச் 16

சுவர் உப்புப் பூப்பது பற்றி. நீங்கள் கேள்வியில் எழுதியிருந்ததால் இதைத் தனியாக எழுதுகிறேன்.

எங்கள் பழைய சுவர்கள் செங்கல்லும் முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறோம், நிலத்தடித் தண்ணீர் கையெட்டும் ஆழத்தில். ஈரம் சுவரில் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதற்கு மேல் சீமெந்து பூசினால் ஈரத்துக்கு வழி இல்லை. இன்னும் மேலே ஏறும், உள்ளே உப்புப் பளிங்காகி, கல்லின் முகத்தையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். பிறகு "சுவர் உதிருது, இன்னும் கொஞ்சம் சீமெந்து போடுவோம்" என்பார்கள். எங்கள் பங்குக் கோயிலில் திருவிழாவுக்கு முன் பூசிய சீமெந்து அடுத்த திருவிழாவுக்கு முன் பாளம் பாளமாக விழுந்தது. இளநீல எமல்ஷனோடு சேர்ந்து விழுந்தது.

சுண்ணாம்புக்கு எங்கே போவது? முருகைக்கல் எடுப்பதும் சுடுவதும் 1988இல் கரையோரச் சட்டத்தைத் திருத்தியதோடு தடை. அந்தத் தடை சரியானது, கடற்கரை எங்களுக்கு வேண்டும். இப்போது ஹாட்வெயாரில் வாங்குகிற சுண்ணாம்பைத் தண்ணீரில் ஊற வைத்து, எவ்வளவு நாள் வைக்க முடியுமோ அவ்வளவு நாள் வைத்துப் பாவிக்கலாம். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் அளவு. ஆற்று மணல் மட்டும். கடல் மணல் கலந்தால் நீங்களே உப்பைக் காசு கொடுத்துச் சுவருக்குள் வைத்த கணக்கு. மெல்லிய படையாகப் பூச வேண்டும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பூசினால் வெளிப்பக்கம் சடுதியாகக் காய்ந்து வெடிக்கும், சாக்கு நனைத்துத் தொங்கவிட வேண்டும்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசன்மார் எங்கள் பக்கத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் மிச்சம், எல்லோரும் வயதானவர்கள். நிதி கேட்கும்போது அவர்களுக்குக் கீழே இரண்டு பொடியன்மாரைப் பழக்குவதற்கும் சேர்த்துக் கேளுங்கள். மரபுரிமைக்குக் காசு தருகிற இடங்களில் தொழில் பழக்குவது என்றால் கூடுதலாகக் கவனிப்பார்கள்.

மார்ச் 23

கனடாப் பிள்ளைகளைப் பற்றி மூன்றாம் திகதி நான் ஒன்றும் எழுதவில்லை. எழுதாமல் விட்டது அவர்கள் மேல் கோபம் என்று சிலருக்குப் பட்டிருக்கிறது. அப்படி இல்லை. பனியில் வேலை செய்து, ஞானஸ்நானம் எடுத்த கோயிலுக்கு அனுப்ப நினைக்கிற காசு அது. "உடைத்துக் கட்டுங்கள்" என்று அவர்கள் சொல்வது அவமதிப்பு இல்லை. தாங்கள் விட்டுவிட்டு வந்த ஊர் நல்லாக இருக்க வேண்டும் என்கிற ஆசை. அவர்களுக்குக் காட்டுவதற்கு எங்களிடம் வேறு படம் இல்லை, புதுக் கோயிலின் படம் மட்டும்தான் இருந்தது.

யோசிக்க யோசிக்க, அந்தக் காசுதான் உங்கள் கையில் இருக்கிற பெரிய பலம் என்று படுகிறது. வெளி நிதி எதுவும் முழுத் தொகையைத் தராது. "உங்கள் பங்கு எவ்வளவு?" என்று கேட்பார்கள். கனடாக் காசை உங்கள் பங்காகக் காட்டுங்கள். வங்கியில் ஆலயப் பேரில் தனிக் கணக்கு, இரண்டு கையெழுத்து, மூன்று மாதத்துக்கு ஒரு கணக்கறிக்கை. அதை அங்கேயும் அனுப்புங்கள், இங்கே அறிவித்தல் பலகையிலும் ஒட்டுங்கள்.

சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் காசு வந்து கொட்டியது. வீடு, பள்ளிக்கூடம், கோயில் என்று கட்டிக் கொடுத்தார்கள், நன்றி மறக்க முடியாது. ஆனால் அந்த அவசரத்தில், கடல் தொட்டும் விழாமல் நின்ற பழைய சுவர்கள் சிலவற்றையும் சேர்த்துத் தள்ளினார்கள். திருத்தலாமா என்று பார்க்க ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை. உங்கள் ஊரில் இப்போது நேரம் இருக்கிறது.

மார்ச் 24

ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: அப்படியென்றால் எந்தப் பழைய ஆலயத்தையும் உடைக்கவே கூடாதா?

இல்லை அக்கா. அத்திவாரம் இறங்கிச் சுவர் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே போனால், அதைப் பொறியியலாளர் அளந்து எழுதித் தந்தால், பிள்ளைகளை உள்ளே விட முடியாது. உடைக்க வேண்டிய கட்டடமும் இருக்கிறது. அளக்காமல் உடைப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

மார்ச் 30

சரித்திரத்துக்கு ஆதாரம் எங்கே எடுப்பது?

மெதடிஸ்த மிசனரிச் சங்கத்தின் பழைய கடிதங்களும் படங்களும் லண்டனில் சோவாஸ் (SOAS) பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. லண்டனில் படிக்கிற ஊர்ப் பிள்ளை ஒன்றைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் ஆலயத்தின் ஒரு பழைய படம் கிடைத்தாலே விண்ணப்பத்தின் கனம் கூடிவிடும். கத்தோலிக்கர் திருகோணமலையையும் பார்க்க வேண்டும். 1893இல் திருகோணமலை மறைமாவட்டம் வந்தது, மட்டக்களப்பு தனியாகப் பிரிந்தது 2012இல்தான். அதற்கு முந்திய கோப்புகளை இங்கே மட்டும் தேடினால் போதாது.

இயேசு சபைக் குருக்களும் நிறைய எழுதி வைத்தவர்கள். முதலில் பிரெஞ்சுக்காரர், பிறகு நியூ ஒர்லியன்ஸ் மாகாணத்து அமெரிக்கர். மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்து இவ்வளவு ஆழமாக வேர் விட்டதும் அந்த அமெரிக்கக் குருக்களால்தான். என் தகப்பனார் கடைசிக் காலம் வரைக்கும் இந்த ஊரைக் கூடைப்பந்து ஊர் என்றுதான் சொல்வார், வேறு விளையாட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் எழும்பிப் போய்விடுவார். யூஜின் ஹெபர்ட் அடிகளார் 1990இல் காணாமல் போனார், அவர் எங்கே என்று இன்றைக்கும் தெரியாது. அவர் பழக்கிய பொடியன்மார் இப்போது பேரப் பிள்ளை கண்டவர்கள். அவர்களிடம் கேட்டால் எந்தக் கட்டடம் எந்த வருடம் யார் கட்டியது என்று மளமளவென்று சொல்வார்கள். அதையும் பதிந்து வையுங்கள். எழுத்து ஆதாரம் இல்லாத இடத்தில் பேர், வயது, திகதியோடு எழுதிய வாய்மொழியையும் ஏற்கிறார்கள்.

ஏப்ரல் 6

கேள்வி கேட்ட தம்பி படங்கள் அனுப்பியிருக்கிறார். குழு கூடியதாம், உடைக்கிற பேச்சை ஒரு வருடம் தள்ளி வைத்திருக்கிறார்களாம். நேற்றிரவு இதை வாசித்துவிட்டு எனக்கு நித்திரையே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

படத்தைப் பார்த்தால் பீடத்துக்கு மேலே ஒழுகுகிற இடம் இரண்டு கூரை சந்திக்கிற பள்ளம். அங்கே தகரம் துரு ஏறி ஓட்டை. பின்பக்க மண்டபத்துக்கு அஸ்பெஸ்டஸ் போட்டிருக்கிறது. சூறாவளிக்குப் பிறகு போட்டதாக இருக்கும், 1978 நவம்பர் 23க்குப் பிறகு எங்கள் பக்கத்திலும் ஓடு போன இடமெல்லாம் அதுதான் ஏறியது. அதை உடைத்து இறக்காதீர்கள். தண்ணீர் தெளித்து, முழுத் தகடாகக் கழற்றி, முகத்தை மூடிக்கொண்டு இறக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவை மதிப்பீட்டில் தனி வரியாகப் போடுங்கள்.

வேலையைக் கட்டம் கட்டமாகப் பிரியுங்கள். முதலாவது கூரைப் பள்ளமும் பீலியும். இரண்டாவது, மழைத் தண்ணீர் அத்திவாரத்தில் தேங்காமல் ஓட வடிகான். மூன்றாவது சீமெந்தைச் செதுக்கி எடுத்துவிட்டு, சுவர் காய விட்டு, சுண்ணாம்பு பூசுவது. நிறம், மின்விசிறி, தரை ஓடு எல்லாம் கடைசி. எங்கள் சனத்துக்கு நிறம்தான் முதலில் கண்ணில் படும், தெரியும். ஆனால் முதற் கட்டத்தை மட்டும் சுத்தமாக முடித்துக் கணக்குக் காட்டிய சபைக்கு இரண்டாம் கட்டக் காசு கேட்க வாய் இருக்கும்.

ஏப்ரல் 7

"கனடாக் காசு கையில் இருக்கிறதே, உயிர்த்த ஞாயிறு முடிந்த கையோடு தொடங்கலாமா?" என்று தம்பி கேட்கிறார்.

முதற் கட்டத்தைத் தொடங்குங்கள். அது அவசரத் திருத்தம், அதற்கு வேறு யாரிடமும் கேட்கப் போவதில்லை. இரண்டாம், மூன்றாம் கட்டத்தில் கை வைக்காதீர்கள். தொடங்கிய வேலைக்கு அனேகமான நிறுவனங்கள் காசு தரா. எனக்குத் தெரிந்த ஒரு பங்கில் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று எல்லாவற்றையும் ஏற்று, கடைசிப் பார்வைக்கு ஆள் அனுப்பியது. அவர் வந்த அன்று சுவரைச் சுற்றிச் சாரம் கட்டியிருந்தது, ஒரு பக்கம் பூச்சும் முடிந்திருந்தது. திருவிழாவுக்கு முன் முடிக்க வேண்டும் என்று சனம் அவசரப்பட்டிருந்தது. வந்தவர் ஒரு தேனீர் குடித்தார், மன்னிப்புக் கேட்டார், போய்விட்டார். கடிதம் கையில் வந்த பிறகுதான் சாரம்.

ஏப்ரல் 27

அளவு எடுக்க வருகிற சனிக்கிழமை நான் கல்முனைக்கு வருகிறேன். வரைபடத்துக்குக் காசு வேண்டாம். நாடா பிடிக்க இரண்டு பொடியன்மார், நல்ல ஏணி ஒன்று, காலை வெயில் ஏற முதல் ஆலயத்தைத் திறந்துவிடுங்கள்.

அதற்கு முதல் ஒரு வேலை. கூரையில் இருப்பது மங்களூர் ஓடு. பள்ளத்துக்குப் பக்கத்தில் கழன்று கிடக்கிற நாலைந்தை இறக்கித் திருப்பிப் பாருங்கள். செய்த தொழிற்சாலையின் பேர் அச்சில் இருக்கும், சிலவற்றில் வருடமும் இருக்கும். மங்களூரில் பாசல் மிசன்காரர் ஓடு சுடத் தொடங்கியது 1865இல், அதற்குப் பிறகு எத்தனையோ தொழிற்சாலைகள் வந்தன. பேர் தெரிந்தால் கூரை எந்தக் காலத்தது என்று ஓரளவு சொல்லலாம். பாசி படிந்து எழுத்துத் தெரியாவிட்டால் தும்பால் தேய்த்துக் கழுவி, காய்ந்த பிறகு சோக்கட்டித் தூள் தடவிப் படம் எடுங்கள். கழற்றிய ஓட்டில் உடையாததை அடுக்கி வையுங்கள், அதே அளவு ஓடு இப்போது கடையில் கிடைக்காது.